பிரித்துவைத்த வாத்தியங்கள்: நவீன அச்சோவியங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயலினோ கிட்டாரோ துண்டுதுண்டாகப் பிரிந்து கிடப்பதுபோல் காட்டும் படங்கள் சிங்கப்பூரில் சட்டமிடும் கடைகளிலும் உணவகச் சுவர்களிலும் நண்பர்களின் வரவேற்பறைகளிலும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. அவற்றைப் பற்றி நண்பர்களும், பிள்ளைகளை வீணை, மிருதங்க வகுப்புகளுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் சிலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஓவியன் அல்லன்; இருபது ஆண்டுகளாகச் சிறிய அளவில் அச்சோவியங்களைச் சேர்த்துவருபவன். வீட்டில் அம்மாவின் பழைய வீணை ஒன்றும் இருக்கிறது. என் பதில்கள் சிலவற்றில் அந்த வீணையின் சாய்வு தெரியலாம்.

அச்சோவியம் என்றால் என்ன? சாதாரணச் சுவரொட்டிப் படத்திலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஓவியர் ஒரு தகட்டிலோ, மரப்பலகையிலோ, கல்லிலோ, துணித்திரையிலோ உருவத்தை அமைத்து, அதன் வழியாக மையைத் தாளில் ஏற்றிப் பெறும் படமே அச்சோவியம். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுப்பது எட்சிங்; கூரிய ஊசியால் தகட்டை நேரடியாகக் கீறுவது டிரைபாயிண்ட்; சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து அச்சிடுவது லித்தோகிராஃப்; சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் வழியாக மையைத் தள்ளுவது ஸ்கிரீன் பிரிண்ட். இவற்றில் அச்சிடப்படும் தாள்தான் மூலப் படைப்பு; அதற்கு முன்பு வேறோர் அசல் ஓவியம் எங்கோ தொங்கிக்கொண்டிருப்பதில்லை. சுவரொட்டிப் படம் அப்படியல்ல. ஏற்கெனவே தீட்டி முடித்த ஓர் ஓவியத்தை ஒளிப்படம் எடுத்து இயந்திரத்தில் பெருக்கிய நகல் அது. உணவகச் சுவரில் நாம் காண்பதில் பெரும்பகுதி இந்த நகல்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

'பிரித்துவைத்த வாத்தியம்' என்று எதைக் குறிப்பிடுகிறீர்கள்? 'கட்டுடைப்பு' என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாதா?

பயன்படுத்தலாம், ஆனால் எனக்கு அதில் சிறிது தயக்கம் உண்டு. தமிழ்த் திறனாய்வில் கட்டுடைப்பு என்பது பிரெஞ்சு மெய்யியலாளர் ழாக் தெரிதா 1967 முதல் எழுதிய நூல்களின் வழியாகப் பரவிய கருத்துக்கு ஈடாக வழங்கிவருகிறது. ஓவியர்களோ வாத்தியத்தைப் பிரிக்கத் தொடங்கியது அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பு. மேலும், இந்தப் படங்களில் மூன்று வேறு செயல்கள் கலந்திருக்கின்றன. வாத்தியத்தைக் கண்ணால் மட்டும் பிரித்து, பகுதிகளை இடம் மாற்றித் தாளில் அடுக்குவது ஒன்று. உண்மையான வாத்தியத்தை வாளால் அறுத்துச் சீவல்களாக்கி அவற்றைச் சற்றே விலக்கி வைப்பது இன்னொன்று. ஓங்கி அடித்து நொறுக்கி, சிதறியதைச் சிதறியபடியே பதிப்பது மூன்றாவது. முதலாவதில் வாத்தியத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. மூன்றாவதில் வாத்தியமே இல்லாமல் போகிறது. இவை மூன்றையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான், படத்தைப் பார்த்தவுடன் 'ஐயோ, உடைத்துவிட்டார்களே' என்ற பதற்றம் எழுகிறது என்று நினைக்கிறேன்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர் யார்?

பாரிசில் 1909 முதல் 1914 வரை அடுத்தடுத்த ஓவியக்கூடங்களில் என்று சொல்லத்தக்க நெருக்கத்தோடு உழைத்த ஜார்ஜ் பிராக், பாப்லோ பிக்காசோ ஆகிய இருவரிடமிருந்து தொடங்குவதே முறை. பிராக்கின் 'வயலினும் வண்ணத்தட்டும்' என்ற 1909ஆம் ஆண்டு ஓவியத்தில் வயலின் இன்னும் அடையாளம் தெரியும்படி இருக்கிறது. ஆனால் அதன் உடல் வெட்டிய கண்ணாடிச் சில்லுகளைப் போல் கோணம் மாறி நிற்கிறது. ஒரு பொருளை ஒரே இடத்தில் நின்று பார்க்காமல், சுற்றி நடந்து பார்த்ததையெல்லாம் ஒரே தளத்தில் வைப்பதுதான் கியூபிசத்தின் அடிப்படை முயற்சி.

1912இன் இறுதி மாதங்களில் பிக்காசோ அட்டை, நூல், கம்பி ஆகியவற்றைக் கொண்டு ஒரு கிட்டார் செய்தார். 1914இல் அதையே உலோகத் தகட்டில் செய்தார். இரண்டும் இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிட்டாரின் நடுவிலுள்ள ஒலித்துளை உண்மையில் ஒரு வெற்றிடம். பிக்காசோவோ அந்த இடத்தில் ஒரு குழாயை முன்னோக்கி நீட்டிவைத்தார். பள்ளம் மேடாயிற்று; ஆனாலும் பார்ப்பவர் அதைத் துளை என்றே படிக்கிறார். உருவம் ஒத்துப்போகாமலேயே ஒரு பகுதி தன் வேலையைச் செய்ய முடியும் என்ற இந்தக் கண்டுபிடிப்பு, பின்னால் வந்த அச்சோவியங்கள் அனைத்துக்கும் வழி திறந்தது. வளைந்த ஒரு கோடும், 'எஃப்' என்ற ஆங்கில எழுத்தைப் போன்ற ஒரு துளையும், இணையாக ஓடும் நான்கு கீறல்களும் இருந்தால் போதும், வயலின் வந்துவிடுகிறது.

அச்சிலும் இருவரும் கை வைத்தார்கள். பிராக்கின் 'ஃபாக்ஸ்' என்ற டிரைபாயிண்ட் 1911இல் கீறப்பட்டு, கலை வணிகர் கான்வைலரால் 1912இல் வெளியிடப்பட்டது. பிக்காசோ 'கிட்டாருடன் மனிதன்' என்ற படத்தை 1915இல் உளியால் செப்புத் தகட்டில் செதுக்கினார். இங்கே ஓர் எச்சரிக்கை: அதே 1911இல் பிராக் கீறிய தகடுகளில் ஒன்றின் பெயர் 'பாஸ்'. அது இசைக்கருவி என்று எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு, நானும் ஏமாந்திருக்கிறேன். அது ஒரு பீர் வகையின் பெயர்.

பழமும் பூவும் இருக்க, ஏன் வயலினையும் கிட்டாரையும் தேர்ந்தெடுத்தார்கள்?

வாத்தியம் தொடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள். தொட்டால் உயிர்பெறும் பொருள். பிராக் தாமே அக்கார்டியன் வாசிப்பவர். அவருடைய கூடத்துச் சுவரில் வாத்தியங்கள் தொங்கின. கண்ணால் மட்டுமன்றிக் கையாலும் அறியக்கூடிய வெளியை வரைய விரும்பியவருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைத்திருக்காது.

வடிவமும் ஒரு காரணம். வயலினுக்கு இடுப்பு உண்டு, கழுத்து உண்டு, தலை உண்டு. பல மொழிகளில் அதன் பகுதிகளை உடலுறுப்புகளின் பெயரால் அழைக்கிறார்கள். எவ்வளவு சிதைத்தாலும் ஒரு பகுதியைக் கண்டாலே முழுமையையும் மனம் கட்டிவிடுகிறது. ஆப்பிளை நான்காக வெட்டினால் ஆப்பிள் துண்டுதான் கிடைக்கும். வயலினை நான்காக வெட்டினால் நான்கு துண்டும் நான்கு வெவ்வேறு உருவம். ஒவ்வொன்றும் வயலினையே சுட்டும்.

வாத்தியங்களை உண்மையிலேயே உடைத்த ஓவியர் யார்?

பலர் உண்டு. இந்தப் பொருளையே தன் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டவர் ஆர்மன். பிரான்சின் நீஸ் நகரில் 1928இல் பிறந்தவர். இவருடைய தந்தை பழம்பொருள் வணிகர், செல்லோ வாசிப்பவரும்கூட. வாத்தியங்களுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை அவற்றை உடைக்கப் போனது வெறும் வெறுப்பினால் இருக்க முடியாது. Armand என்ற பெயரின் கடைசி எழுத்தான 'd' 1958இல் ஒரு கண்காட்சிக் கையேட்டில் அச்சுப் பிழையால் விடுபட்டது; அதையே தன் பெயராக அவர் வைத்துக்கொண்டார். அச்சோடு இவருக்கு இருந்த உறவு பிழையிலிருந்தே தொடங்கியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். உண்மையில் அதற்கு முன்பே, 1950களின் நடுவில், ரப்பர் முத்திரைகளைத் தாளெங்கும் குத்திப் படம் அமைத்திருக்கிறார். பின்பு பொருள்களை வண்ணத்தில் தோய்த்து அவற்றின் தடத்தைப் பதித்தார்.

ஓவியர் இவ் க்ளைன் உள்ளிட்டோருடன் 1960இல் 'புதிய யதார்த்தவாதம்' என்ற குழுவில் சேர்ந்த பிறகு, 'சினங்கள்' என்று அவர் பெயரிட்ட வரிசை வந்தது. வாத்தியத்தை அடித்து நொறுக்கி, துண்டுகள் விழுந்த அமைப்பிலேயே பலகையில் ஒட்டுவார். 1962இல் ஒரு பியானோவை இவ்வாறு செய்து அதற்குச் 'சோப்பினின் வாட்டர்லூ' என்று பெயரிட்டார். அது பாரிசின் பொம்பிடு மையத்தில் உள்ளது. 'வெட்டுகள்' என்ற வரிசையில் அறுத்தார். பிறகு எரித்தும் பார்த்தார். 2005இல் நியூயார்க்கில் இறக்கும்வரை வயலின் அவரை விடவில்லை. லித்தோகிராஃபிலும் ஸ்கிரீன் பிரிண்டிலும் அறுத்த வயலின்களை மீண்டும் மீண்டும் வெளியிட்டார். வீடுகளில் தொங்கும் வயலின் படங்களில் நகல் அல்லாத அச்சோவியம் என்று ஒன்று இருந்தால், அது அவருடையதாகவோ அவரைப் பின்பற்றியதாகவோ இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

வாத்தியத்தை உடைப்பது அவமதிப்பு இல்லையா? இத்தகைய படத்தை வீட்டில் மாட்டலாமா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். நேர்மையாகவே கேட்கப்படுவதால் நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். சரசுவதி பூசையன்று வாத்தியத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, அன்று முழுவதும் அதை மீட்டாமல் வைத்திருந்து, விசயதசமி காலையில்தான் கையில் எடுக்கிற வீடு எங்களுடையது. காலில் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அந்த வழக்கத்தில் வளர்ந்தவருக்கு, பலகையில் ஆணியடித்த உடைந்த பியானோவைப் பார்க்கும்போது வயிறு ஒருமுறை புரளத்தான் செய்யும். எனக்கும் புரண்டது. ஆர்மனின் 'சினங்கள்' வரிசையிலிருந்து ஒரு படம் இலவசமாகக் கிடைத்தாலும் என் வரவேற்பறையில் மாட்டமாட்டேன். அதன் கலைமதிப்பை ஒப்புக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் பிரிப்பது வேறு. வாத்தியத்தோடு உண்மையாகப் பழகுகிறவர்கள் அதைப் பிரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். மிருதங்கத்தின் தோலைக் கழற்றி மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் எவரும் வாசித்துவிட முடியாது. வாரை அவிழ்த்தால் உள்ளே வெறும் பலாக்கட்டைதான் இருக்கும். நாகசுரக்காரர் மாற்றுச் சீவாளிகளைக் கொத்தாகத் தொங்கவிட்டுக்கொண்டே மேடையேறுகிறார். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பவை. அந்த மெழுகு தளர்ந்தால் உருக்கி எடுத்து, சுரம் பார்த்து, ஒவ்வொன்றாக மீண்டும் பதிக்க வேண்டும். சென்னையிலிருந்து வந்திருந்த கைவினைஞர் ஒருவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து அம்மாவின் வீணையைப் பிரித்துப்போட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. குடம் ஒரு பக்கம், யாளி முகம் ஒரு பக்கம், பிருடைகள் வரிசையாக, கம்பிகள் சுருள்சுருளாக. அப்போது அம்மா அழவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார். பிற்பாடு அறுத்த வயலினின் அச்சோவியம் ஒன்றைப் பார்த்தபோது எனக்கு அந்தச் செய்தித்தாள்தான் நினைவுக்கு வந்தது. ஆகவே, படத்தில் இருப்பது பிரிப்பா உடைப்பா என்று முதலில் பாருங்கள். பிறகு முடிவு உங்களுடையது. பூசை அலமாரிக்கு எதிரே வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், அதற்காக ஒரு வழக்காடவும் வேண்டாம்.

வாத்தியத்தைப் பகுதி பகுதியாகப் பார்ப்பது நம் மரபில் உண்டா?

உண்டு, அதுவும் மிகப் பழைய காலத்திலிருந்தே உண்டு. கரிகால் சோழனைப் பாடும் பொருநராற்றுப்படையில் முடத்தாமக் கண்ணியார் யாழை நமக்குக் காட்டும் விதம் ஓர் ஓவியரின் பிரிப்பேதான். யாழின் அடிப்பகுதியான பத்தல், மானின் குளம்பு பதிந்த தடம்போல் இரண்டாகப் பகுந்திருக்கிறது. அதன்மேல் இழுத்துக் கட்டிய தோலுக்கு விளக்குச் சுடரின் நிறம். துளைகளை அடைத்த ஆணிகள் வளைக்குள் இருக்கும் நண்டின் கண்களைப் போன்றவை. வாய்ப்பகுதி எட்டாம் நாள் நிலவு. அந்த வாய்க்கு உள்நாக்கு இல்லை என்றும் புலவர் சேர்த்துக்கொள்கிறார். மேலெழும் தண்டு, தலை தூக்கிய பாம்பு. தண்டில் நரம்பைக் கட்டும் வார்க்கட்டு, கரிய பெண்ணின் முன்கையில் அணிந்த வளையல் வரிசை.

குளம்படி, சுடர், நண்டுக்கண், பிறை, பாம்பு, வளையல்: இவற்றை ஒரே தாளில் வரைந்து பாருங்கள், ஒரு கியூபிச அச்சோவியம் கிடைக்கும். வேறுபாடு முடிவில்தான் இருக்கிறது. இவ்வளவு பிரித்த புலவர், கடைசியில் யாழை ஒப்பனை செய்த மணப்பெண்ணாக ஒன்றுசேர்த்து நிறுத்திவிடுகிறார். பிராக் அந்தச் சேர்க்கையைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுகிறார்.

இந்தப் பொருள் அச்சுக்கலைக்கு மட்டும் சிறப்பாகப் பொருந்துவதாகச் சொல்கிறார்களே, ஏன்?

அச்சுக்கலையே ஒரு பிரிப்பு வேலை என்பதால்தான். ஐந்து வண்ணமுள்ள ஸ்கிரீன் பிரிண்ட் ஒன்றைச் செய்ய, ஓவியர் படத்தை ஐந்து அடுக்காகப் பிரித்து ஐந்து திரைகளில் ஏற்ற வேண்டும். பழுப்புத் திரையில் வயலினின் உடல் மட்டும், கறுப்பில் துளைகளும் கம்பிகளும், சிவப்பில் நிழல். ஒவ்வொரு திரையையும் தனியே பார்த்தால் எதுவும் விளங்காது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக, மயிரிழையும் விலகாமல் அச்சிட்டால் வயலின் கூடிவருகிறது. வேண்டுமென்றே சற்று விலக்கி அச்சிட்டால், கம்பி அதிர்வதுபோல் விளிம்பு இரட்டிக்கிறது. தூரிகை ஓவியத்தில் இதை முயன்று வரவழைக்க வேண்டும். அச்சில் அது தொழிலின் இயல்பிலேயே இருக்கிறது.

அழுத்தமும் உண்டு. எட்சிங் அழுத்துபொறியின் உருளைக்கு அடியில் தகடும் ஈரத் தாளும் நசுங்கி வெளிவருகின்றன. பிரித்தானியக் கலைஞர் கார்னீலியா பார்க்கர், பயன்பாட்டிலிருந்து நீங்கிய 54 பித்தளை வாத்தியங்களை லண்டன் டவர் பாலத்தைத் தூக்கும் பழைய நீரழுத்தப் பொறியால் தட்டையாக நசுக்கி, 2001இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வட்டமாகத் தொங்கவிட்டார். அது அச்சோவியம் அன்று, சிற்பம். ஆயினும் கனமுள்ள டிரம்பெட்டைத் தாள்போல் மெலியச் செய்த அந்தச் செயல், அச்சுப்பொறியின் செயலைத்தான் எனக்கு நினைவூட்டுகிறது. ஊதிய காற்று முழுவதும் வெளியேறிய வாத்தியங்கள் அவை. படைப்பின் பெயரும் 'மூச்சற்றவை' என்ற பொருள் தருவதே.

படத்தில் வாத்தியத்தை இடக்கையால் வாசிப்பதுபோல் தெரிகிறதே, அது ஓவியரின் பிழையா?

பெரும்பாலும் பிழையன்று. தகட்டில் வரைந்தது தாளில் இடவலம் மாறிப் பதியும். ஓவியர் முன்கூட்டியே தலைகீழாக யோசித்து வரையாவிட்டால், வலக்கைக்காரர் இடக்கைக்காரராகிவிடுவார். ஸ்கிரீன் பிரிண்டில் இந்த மாற்றம் நேராது.

வாத்தியத்தைப் பொருளாகக் கொண்ட வேறு அச்சோவியத் தொகுப்புகளில் எதை முதலில் பார்க்கலாம்?

டேவிட் ஹாக்னியின் 'நீல கிட்டார்'. 1976, 1977 ஆண்டுகளில் செய்து 1977இல் வெளியான 20 வண்ண எட்சிங்குகள் இவை. பிக்காசோவின் ஓவியத்திலிருந்து ஒரு கவிஞரும், அக்கவிஞரிடமிருந்து ஹாக்னியும் தூண்டுதல் பெற்றதைத் தொகுப்பின் முழுத் தலைப்பே சொல்லிவிடுகிறது. பிக்காசோவின் அச்சாளராக இருந்த ஆல்டோ குரோம்லிங்கிடமே ஹாக்னி இந்த வண்ண எட்சிங் முறையைக் கற்றுக்கொண்டார். இதில் கிட்டார் நொறுங்குவதில்லை. ஒரு படத்தில் முழுதாக இருப்பது, அடுத்ததில் வெறும் கோடாகக் கரைந்துவிடுகிறது. முதன்முறையாக இந்தத் துறைக்குள் வருகிறவர்களுக்கு ஆர்மனைவிட இதையே நான் பரிந்துரைப்பேன்.

சிங்கப்பூரில் இவற்றை எங்கே காணலாம்?

ராபர்ட்சன் கீ 41ஆம் எண்ணில், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிடங்கு ஒன்றில் இயங்கும் எஸ்.டி.பி.ஐ. முதலிடம் பெறுகிறது. அமெரிக்க அச்சாளர் கென்னத் டைலரின் அச்சுப்பொறிகளையும் அனுபவத்தையும் கொண்டு 2002இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தில் அச்சுப்பட்டறை, தாள் செய்யும் ஆலை, காட்சிக்கூடம் மூன்றும் ஒரே கூரையின்கீழ் உள்ளன. பிக்காசோவின் அச்சோவியங்களுக்கென 2013இல் ஒரு கண்காட்சியும் அங்கே நடந்தது. காட்சிகள் மாறிக்கொண்டே இருப்பதால், நீங்கள் போகும் நாளில் வயலின் இருக்கும் என்று நான் உறுதி தர முடியாது. தாளும் மையும் எப்படிச் சேர்கின்றன என்பதை நேரில் காண்பதற்கே போகலாம்.

சிங்கப்பூரின் சொந்த அச்சு மரபு மரச்செதுக்கில் வலிமையானது. 1966இல் ஆறு ஓவியர் சேர்ந்து நடத்திய மரச்செதுக்குக் கண்காட்சி அதில் ஒரு மைல்கல். ஆனால் அவர்களுடைய கவனம் தெருவிலும் உழைப்பவர் வாழ்விலும் இருந்தது. வாத்தியத்தைப் பிரிப்பதில் அவர்களுக்கு நாட்டமில்லை.

வாத்தியத்தையே பொருளாக்கிய நம் காலத்துச் சிங்கப்பூர்க் கலைஞரைக் கேட்டால், ஆங் சொங்-மிங் பெயரைச் சொல்வேன். 2019 வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் சிங்கப்பூரின் சார்பாகக் கலந்துகொண்ட அவர், இங்குள்ள தொடக்கப்பள்ளியில் படித்த எவருக்கும் பழக்கமான ரெக்கார்டர் குழலை மையமாக வைத்தார். இசைக் குறிப்புத் தாளின் ஐந்து கோடுகளைக் கையால் வண்ணத்தில் வரைந்த படங்களும் அவருடைய வேலைகளில் உண்டு. அவர் 2012இல் செய்த காணொளிப் படைப்பு ஒன்று எனக்கு இன்னும் நெருக்கமானது. கைவிடப்பட்ட பழைய பியானோ ஒன்றைத் தாமே பழுதுபார்ப்பதற்காக, பியானோப் பட்டறையில் பயிற்சி பெற்று, அதைப் பிரித்து, மீண்டும் இசைக்கும் நிலைக்குக் கொண்டுவந்ததைப் பதிவு செய்தார். ஆர்மன் உடைத்துக் காட்டியதைப் போலவே பியானோவின் உள்ளுறுப்புகள் இங்கேயும் வெளியே வருகின்றன; ஆனால் திரும்பிப் போகின்றன.

வாங்க விரும்பினால் எதைக் கவனிக்க வேண்டும்?

தாளின் கீழோரத்தில் பென்சிலால் 12/50 என்பதுபோல் எழுதியிருந்தால், 50 பிரதிகளில் அது 12ஆவது என்று பொருள். எண் சிறியதாக இருப்பதால் படம் சிறந்ததாகிவிடாது. 'ஏ.பி.' என்றிருந்தால் ஓவியர் தமக்கென ஒதுக்கிய பிரதி. எட்சிங்கில் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது ஒழுங்கான சிறு புள்ளிகளின் வரிசை தெரிந்தால், உங்கள் கையில் இருப்பது ஆஃப்செட் நகல். நகல் வாங்குவது குற்றமன்று. நகலுக்கு மூலத்தின் விலையைக் கொடுப்பதுதான் வருத்தம். புகழ்பெற்றவர்களின் பெயரில் போலிக் கையொப்பமிட்ட அச்சுகள் உலகெங்கும் புழங்குவதால், வாங்கியதற்கான பழைய ஆவணம் இல்லாமல் பெரிய பெயர்களை நெருங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 9 விழுக்காடு பொருள், சேவை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படத்தை வாங்கியதால் அதைத் திருமண அழைப்பிதழிலோ கச்சேரித் துண்டறிக்கையிலோ அச்சிடும் உரிமை வந்துவிடாது. சிங்கப்பூரில் ஓவியரின் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. பிராக் 1963இல் மறைந்தார், ஆகவே 2033 இறுதிவரை. பிக்காசோ 1973, ஆகவே 2043 இறுதிவரை. ஆர்மனுக்கு 2075 இறுதிவரை. 1927இல் மறைந்த கியூபிச ஓவியர் ஹுவான் கிரிசின் கிட்டார்களை மட்டும் தயங்காமல் பயன்படுத்தலாம். அவை அழகிலும் குறைந்தவை அல்ல.

நம் ஊர் ஈரப்பதத்தில் தாள் கெட்டுப்போகாதா?

கெடும். இங்கே ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். தாளுக்கு உகந்ததோ ஏறத்தாழ அதில் பாதியைச் சற்றுத் தாண்டிய அளவுதான். சில ஆண்டுகளில் தாளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும், சட்டத்துக்குள் பூஞ்சை வரும். படத்தைக் கண்ணாடியில் ஒட்டாமல் அமிலமற்ற அட்டை விளிம்பால் விலக்கி வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சுவரிலும், மேற்கு வெயில் விழும் சுவரிலும், சமையலறைக்கும் குளியலறைக்கும் அடுத்த சுவரிலும் மாட்டாதீர்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சும் சுவர் ஒன்றோ இரண்டோதான் என்பதை அறிவேன். ஒருமுறை ஒரு கடையில் சட்டமிடக் கொடுத்த லித்தோகிராஃபின் பின்புறம் முழுவதையும் சாதாரண ஒட்டுநாடாவால் ஒட்டித் தந்துவிட்டார்கள். ஐந்தே ஆண்டில் அந்த நாடாவின் மஞ்சள் கறை முன்பக்கம் வந்து வயலினின் கழுத்தைக் குறுக்கே வெட்டியது. கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

வாத்தியத்துக்குச் சேதமில்லாமல் பிள்ளைகளோடு வீட்டில் செய்து பார்க்க வழி உண்டா?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கல்வெட்டுக்குப் படியெடுப்பதை ஒத்தது. மெல்லிய தாளை ரெக்கார்டரின் துளைகள்மீதோ, பழுதான ஆர்மோனியத்தின் கட்டைகள்மீதோ விரித்து, மெழுகு வண்ணக்கட்டியைப் படுக்கவைத்து மெல்லத் தேய்த்தால் மேடுகள் மட்டும் பதிந்து வரும். அந்தப் படிகளைக் கத்தரித்துப் பிள்ளைகள் தம் விருப்பப்படி அடுக்கலாம். மெருகிட்ட வீணைமீது இதைச் செய்ய வேண்டாம்.

இரண்டாவது, கழற்றிப்போட்ட பழைய கம்பிகளைக் கொண்டு செய்வது. தடித்த அட்டையில் குடத்தின் வட்டத்தையும் தண்டியையும் வெட்டி ஒட்டி, கம்பிகளைப் பசையால் பதித்து, மேலே ஒரு பூச்சு வார்னிஷ் அடித்து ஓர் இரவு உலரவிடுங்கள். பிறகு நீரில் கழுவக்கூடிய அச்சு மையை உருளையால் தடவி, மெல்லிய தாளை மேலே வைத்து, மரக்கரண்டியின் முதுகால் வட்டவட்டமாகத் தேய்த்தால் போதும். கம்பியின் முனைகள் கையைக் கிழிக்கும், ஆகவே அவற்றைப் பெரியவர்களே மடக்கிவிட வேண்டும். வார்னிஷ் சரியாகப் பிடிக்காத எஃகுக் கம்பி நம் ஊர்க் காற்றில் விரைவில் துருப்பிடித்துவிடும். என் மகள் செய்த தகட்டில் அப்படித்தான் ஆயிற்று. நான்காவது பிரதியிலிருந்து, சாரணிக் கம்பி ஓடிய இடத்தில் மட்டும் கறுப்பு மையோடு செம்பழுப்பும் சேர்ந்து விழுந்தது. அந்தப் பிரதியைத்தான் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்.